வெல்டரின் பக்கம்

உங்களுக்கு இன்னொருத்தரின் வாழ்க்கை மனப்பாடமாகத் தெரியுமா? எனக்குத் தெரியும். மொத்தம் ஒரு பக்கம், இருபத்திரண்டு வரி, ஜெர்மன் மொழியில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"நான் வெல்டர். ஐந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இரும்புப் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தனியாக வசிக்கிறேன். எனக்கு மனைவி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறேன். அநேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை." இப்படியே போகும்.

நான் வெல்டர் இல்லை, நர்ஸ். படித்து முடித்து ஏழு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே எல்லாம் இங்கிலீஷ்தான். இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. ஜெர்மன் பேச்சுத் தேர்வு பாஸ் செய்தால்தான் இங்கே நர்ஸ் என்று ஒப்புக்கொள்வார்கள். அதுவரை ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது.

தேர்வில் ஒரு தடவை தவறிவிட்டேன். இல்லத்து மேனேஜர் கடிதம் கொடுத்தார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி தேர்வில் பாஸ் செய்தால் நர்ஸ் வேலை. இல்லையென்றால் அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது. மனைவியும் மகளும் இங்கே வருவது அந்த நர்ஸ் வேலையைப் பொறுத்தது. கடிதத்தின் ஓரத்தில் மேனேஜர் கையால் 'வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார்.

முதல் தடவை தவறியதற்குக் காரணம் என் இங்கிலீஷ். அது நன்றாக இருந்ததுதான் பிரச்சினை. இரண்டு வருடமாக இங்கே வேலை செய்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். இங்கிலீஷில் அதற்கு 'ஹேவ்' போட வேண்டும். தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்பதை அந்த 'ஹேவ்' சொல்லிவிடும். ஜெர்மனிலும் அதே மாதிரி ஒரு சொல் இருக்கிறது. எடுத்துப் போட்டேன். ஆனால் ஜெர்மன்காரர் காதுக்கு அது முடிந்துபோன வேலை. நேற்றுச் சாப்பிட்டதையும் போன வருடம் விற்ற வீட்டையும் அவர்கள் பேச்சில் அதே சொல்லால்தான் சொல்வார்கள். இன்னும் நடப்பதென்றால் அவர்களுக்கு நிகழ்காலமே போதும். அதனால் தேர்வு எடுத்த அம்மா, "சரி, இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் அதே வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

பிறகு ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாயும் வியாழனும் ஐந்தரை மணிக்கு. பகலில் அது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கோட்டு மாட்டும் கொக்கிகளில் முயல், தவளை, ஆந்தை ஸ்டிக்கர் இருக்கும். நாற்காலிகள் முழங்கால் உயரம். அங்கேதான் வெல்டரைப் பார்த்தேன். பெரிய உடம்பு. மேஜைக்கு அடியில் கால் போகாமல் பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவதுவரை. இங்கிலீஷ் என்றால் கடைப் பலகை படிப்பார், அவ்வளவுதான்.

"என்ன வேலை தம்பி?" என்று கேட்டார்.

"நர்ஸ்."

"நர்ஸுன்னா சிஸ்டர்தானே?"

"ஆம்பளைங்களும் உண்டு அண்ணே."

"இருக்கட்டும் சிஸ்டர்."

அன்றிலிருந்து நான் சிஸ்டர்.

டீச்சரிடம் ஒரு முறை இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் தன்னைப் பற்றி எழுத வேண்டும். டீச்சர் திருத்திக் கொடுப்பார். ஆனால் எழுதியவர் அதை மனப்பாடம் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். அவர் ஒப்பிக்க, எழுதியவர் கேட்டுத் தப்பைப் பிடிக்க வேண்டும். தன் தப்பு தன் வாயிலிருந்து வரும்போது காதில் விழாது, அடுத்தவர் வாயிலிருந்து வந்தால் விழும் என்பது டீச்சரின் கணக்கு. இப்படியே ஆறு வாரம். கடைசி வாரத்தில்தான் அவரவர் பக்கத்தை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுக்கும் இரண்டு இரண்டு பேராகத்தான் உள்ளே விடுவார்கள். நானும் வெல்டரும் ஜோடியாகப் பெயர் கொடுத்தோம்.

வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் ஒப்பிப்போம். நான் அவருடைய ஐந்து வருடத்தைச் சொல்லும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் 'ஹேவ்' வந்துவிடும்.

"இரு இரு. இப்ப நான் இங்க இருக்கேனா, போயிட்டேனா?"

"இருக்கீங்க."

"நீ சொல்றதப் பாத்தா பெட்டியக் கட்டி ஏத்தி அனுப்பிட்ட மாதிரி இருக்கே."

"இங்கிலீஷ்ல அப்படித்தான் அண்ணே சொல்லணும்."

"யாரு உன்ன இங்கிலீஷ்ல கேட்டா? தமிழ்ல சொல்லு. எத்தன வருஷமா இருக்கே?"

"ரெண்டு வருஷமா இருக்கேன்."

"அவ்ளோதான். இருக்கேன். அத அப்படியே ஜெர்மன்ல வை. பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு பஸ் ஏறி ஊரச் சுத்திட்டு வர்ற ஆளுய்யா நீ."

அவர் சொன்னது சரி. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தேன். வழியில் பாதி உடைந்தது. அவர் நேராகத் தூக்கி வைத்தார். பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் எல்லாம் அவர் கண்டபடி போடுவார். காலம் மட்டும் தப்பவே தப்பாது.

என் பக்கத்தின் கடைசி வரியிலும் ஒரு தகராறு. மனைவியும் மகளும் வசந்தத்தில் வருவார்கள் என்று எதிர்காலத்தில் எழுதியிருந்தேன். டீச்சர் அதை அடித்துவிட்டு நிகழ்காலம் போட்டார். எப்போது என்று சொல்லியாகிவிட்டதே, அப்புறம் எதிர்காலம் எதற்கு என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னும் பேப்பரே வரல அண்ணே. அதுக்குள்ள வர்றாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுத்தானே வீட்டுக்குப் போறோம்? அது மட்டும் நிச்சயமா?" என்றார் வெல்டர். "டீச்சரம்மா வரச் சொல்லிட்டாங்க. நீ ஏன் தடுக்கறே?"

அவருடைய பக்கத்தில் ஒரே ஒரு வரி எனக்கு உறுத்தியது. எனக்கு மனைவி இருந்தாள். மூன்றாவது வாரம் கேட்டேன்.

"தவறிட்டாங்களா அண்ணே?"

"ஏன்யா கொல்றே? நல்லா இருக்கா. இன்னொருத்தர் கூட நல்லா இருக்கா." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "வரியச் சொல்லு. அழுத்தாம சொல்லு."

என் வேலையைப் பற்றியும் அவர் நிறையக் கேட்டார். என் பக்கத்தை ஒப்பிக்க வேண்டுமென்றால் சமாச்சாரம் தெரிய வேண்டும் என்பார். இல்லத்தில் ஒரு பெரியவர் சாப்பிட மாட்டார். கெஞ்சினாலும் வாயைத் திறக்க மாட்டார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் சாப்பிடத் தொடங்குவேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஸ்பூன் சத்தம் கேட்கும். இதை வெல்டரிடம் சொன்னபோது, "மாமியார் வீட்ல எனக்கு நடந்ததுதான்" என்றார்.

கடைசி வாரம் அவருக்கு ஓவர்டைம் வந்தது. இல்லத்தில் இரண்டு பேர் லீவு. செவ்வாயும் போனது, வியாழனும் போனது. பக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டிய வாரத்தை நாங்கள் விட்டுவிட்டோம். அவரவர் கதை அவரவருக்குத் தெரியாதா என்று நினைத்தோம்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. பஸ்ஸில் போகும்போது பழக்கத்தில் ஒரு தடவை ஒப்பித்துக்கொண்டோம். நான் அவருடையதை, அவர் என்னுடையதை. இரண்டு பேருக்கும் ஒரு தப்புகூட வரவில்லை.

தேர்வு அறைக் கதவில் விதிமுறைத் தாள் ஒட்டியிருந்தார்கள். கைப்பேசி கூடாது. தாமதம் கூடாது. ஏமாற்று வேலை தெரியவந்தால் ஜோடியில் இரண்டு பேருடைய தேர்வும் செல்லாது. வெல்டர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "நல்லவேள, நான் கொண்டுவந்தது சாப்பாட்டு டப்பா மட்டும்தான்."

உள்ளே ஒரு நீள மேஜை. எதிரில் ஓர் அம்மா, பச்சை ஸ்வெட்டர். பக்கத்தில் ஒல்லியாக ஒரு மனிதர், கையில் பென்சில். நடுவில் கண்ணாடிக் கூஜாவில் தண்ணீர். எங்கள் பெயரைச் சரிபார்த்து, நம்பர் அட்டை கொடுத்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

வாயைத் திறந்தேன். "நான் வெல்டர்" என்றேன்.

இரண்டாவது வரி தானாக வந்தது. மூன்றாவது வரியில், இரும்புப் படிக்கட்டு என்று சொல்லும்போதுதான் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. நிறுத்தித் திரும்பப் போயிருக்கலாம். ஆனால் என் பக்கத்தின் முதல் வரி எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆறு வாரமாக அதை நான் கேட்டேனே தவிர, ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஓரக்கண்ணால் வெல்டரைப் பார்த்தேன். அவர் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தனியாக வசிப்பதையும், எனக்கு மனைவி இருந்ததையும், மீன் கிடைக்காததையும் சொல்லி முடித்தேன். இருபத்திரண்டு வரி. ஒரு காலம்கூடத் தப்பவில்லை. ஒல்லி மனிதர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அடுத்து வெல்டரைக் கேட்டார்கள்.

அவர் இரண்டு மூச்சு விட்டார். பிறகு, "நான் நர்ஸ்" என்றார்.

அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஏழு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தது, இரண்டு வருடமாக இல்லத்தில் வேலை செய்வது, மனைவி ஆரம்பப் பள்ளியில் டீச்சர், மகளுக்கு ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. எல்லாம் என்னுடையது. கடைசி வரியில் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். என் மனைவியும் மகளும் வசந்தத்தில் என்னிடம் வருகிறார்கள் என்றார். அந்த அம்மாவும் சிரித்தார்.

பிறகு கேள்விகள். ஒல்லி மனிதர் அவருடைய கைகளைப் பார்த்தார். மணிக்கட்டுவரை தீப்பொறி பட்ட புள்ளிகள். இது என்ன என்று கேட்டார்.

"நானே சமைக்கிறேன்" என்றார் வெல்டர்.

இல்லத்தில் ஒருவர் சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். வெல்டர் அந்தப் பெரியவரின் கதையைச் சொன்னார். தட்டு, எதிர் நாற்காலி, பார்க்காமல் இருப்பது, ஸ்பூன் சத்தம். சில சொற்களுக்குக் கையால் நடித்துக் காட்டினார். நடந்ததை நடந்தது மாதிரி, தினமும் நடப்பதைத் தினமும் நடப்பது மாதிரி சொன்னார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐந்து வருடமாகத் தனியாக இருக்கிறீர்கள். கஷ்டமாக இல்லையா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் காத்திருந்தார்.

"மனைவியை முதலில் எங்கே சந்தித்தீர்கள்?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், தடுப்பூசி வரிசையில், முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் சண்டை போட்டாள். ஜெர்மனில் சொல்லவும் வரும். ஆனால் அவளை ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நானே 'இருந்தாள்' ஆக்கிவிட்டேன். அந்த வரிக்குப் பின்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்த மனது வரவில்லை. வெல்டரின் மனைவியை அவர் எங்கே சந்தித்தார் என்று நான் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால், பக்கத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார். என்னால் நர்ஸ் ஆனவர். கதவில் தாள் ஒட்டியிருக்கிறது.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

ஒல்லி மனிதர் முகத்தைப் பார்க்காமல் குறித்துக்கொண்டார். இன்னும் நான்கு கேள்வி கேட்டார்கள். நான்குக்கும் ஒரு சொல், இரண்டு சொல்.

அடுத்த பகுதியில் ஓர் அட்டை தந்தார்கள். உங்களோடு வேலை செய்பவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், போய்ப் பார்க்க இருவரும் சேர்ந்து திட்டம் போடுங்கள் என்று இருந்தது. வெல்டர் என்னைப் பேசவைக்கப் பார்த்தார். பூ வாங்கலாமா, புத்தகமா, எத்தனை மணிக்கு என்று என் பக்கமே தள்ளினார். பூ என்றேன். மூன்று மணி என்றேன். நோயாளி அறையில் பூ வைக்கக் கூடாது, நான் நர்ஸ், எனக்குத் தெரியும் என்றார் அவர். அதையும் நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

முடிவு ஒரு மணி நேரத்தில் சொல்வார்கள். வராந்தாவில் காபி மெஷின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏன்ணே என் பக்கத்த எடுத்தீங்க?"

"பின்ன? என்னோடத நீ தின்னுட்டே. வேற என்ன இருக்கு தட்டுல?"

"உங்களப் பத்தி நேரா சொல்லியிருக்கலாம்ல."

"ரெண்டு வெல்டர், ரெண்டு பேரும் தனி, ரெண்டு பேருக்கும் மீன் கெடைக்கல. ஏதோ கட்சின்னு நெனச்சிருப்பாங்க." காபியைக் குடித்தார். "நீ ஏன் வாய மூடிட்டே? எதையாவது அள்ளி விட வேண்டியதுதானே? அவங்களுக்கு என்ன தெரியும், பொண்டாட்டிய சந்தையில பாத்தியா சாமியார் மடத்துல பாத்தியான்னு?"

"வரல."

"மத்த நேரமெல்லாம் வாய் நிக்காது."

ஒல்லி மனிதர் பட்டியலோடு வந்தார். நூற்றுக்கு அறுபது எடுத்தால் பாஸ். வெல்டருக்கு எண்பத்தொன்று. எனக்கு ஐம்பத்தெட்டு. அறிமுகம் மிக நன்றாக இருந்தது, உரையாடல் போதவில்லை என்றார். கை கொடுத்துவிட்டுப் போனார்.

வெல்டர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "வா. உள்ள போய்ச் சொல்லுவோம். மாத்திச் சொல்லிட்டோம், தெரியாம நடந்துடுச்சு, இன்னொரு தடவ கேளுங்கன்னு."

"சொன்னா உங்களதும் போயிரும்."

"போனாப் போகட்டும்."

"உங்க விசா?"

இங்கே தொடர்ந்து இருக்க அவருக்கும் இந்தப் பேப்பர் வேண்டும். அவருடைய தேதி அடுத்த மாதம். அவர் மறுபடி உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். என்னைப் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினார். நானும் சாப்பிட்டேன்.

ஐந்து மணிக்கு இல்லத்துக்குப் போனேன். மேனேஜர் மார்க் தாளைப் படித்தார். இரண்டு மார்க்கில் போய்விட்டதே என்றார். அவர் வருத்தப்பட்டது உண்மைதான். அலமாரிச் சாவியும் அடையாள அட்டையும் வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். போகும் வழியில் அந்தப் பெரியவரின் அறை. கதவு திறந்திருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று தினமும் சொல்லும் வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

அறைக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தேன். மார்க்கைச் சொன்னேன். அவள் எப்படி நடந்தது என்று கேட்டாள். முழுவதும் சொன்னேன்.

"அப்ப எங்கள அந்த அண்ணன்தான் கூப்பிட்டுக்கப் போறாரா?"

"எண்பத்தோரு மார்க் வாங்கியிருக்காரு."

சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"என்னை எங்க பாத்தீங்கன்னு கேட்டதுக்கு ஞாபகம் இல்லன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"ஊசி போடத் தெரியாத ஆளுன்னு நான் திட்டினேன். அதச் சொல்லியிருந்தா ரெண்டு மார்க் வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"சரி. அடுத்தது எப்ப?"

"ஏழு வாரம் கழிச்சு."

"அதுவரைக்கும்?"

"தெரியல."

மகள் போனை வாங்கி, புதுப் பல் முளைக்கிறது என்றாள். வீடியோவில் காட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

அதன் பிறகு வெல்டரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. 'காலைல ஆறேகால். ரெடியா இரு சிஸ்டர்.'

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வெல்டர் வந்தார். அவருடைய கம்பெனியில் கைப்பிடிக் கம்பிகளைத் தேய்த்து வழவழப்பாக்க ஆள் தேவைப்பட்டது. அங்கே மொழித் தேர்வுப் பேப்பர் கேட்பதில்லை. மேஸ்திரி என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் நர்ஸ் என்று தொடங்கி, என் மனைவியும் மகளும் வசந்தத்தில் என்னிடம் வருகிறார்கள் என்பதுவரை என் பக்கத்தை முழுக்கச் சொன்னேன். ஓர் இடத்தில் வெல்டர் திருத்தினார். மேஸ்திரி பாதியிலேயே கையுறையும் கண்ணாடியும் எடுத்து வைத்துவிட்டார். ஏழு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது.